லாபம் என்று நீ அனுப்பியது

கரூர்
3 ஜூன் 2024

அன்புள்ள தம்பி ஜோதிலிங்கத்துக்கு,

அக்கா விஜயலக்ஷ்மி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, சுஜாதா மூவரும் சுகம். நீயும் பிரியதர்ஷினியும் எப்படி இருக்கிறீர்கள்? டெல்லியில் அனல் காற்று என்று டிவியில் சொல்கிறான். ஆபீசுக்கு பஸ்ஸில் போகிறவன், தலையில் துண்டு போடாமல் போகாதே.

நூறு படுக்கை விரிப்பு கட்டி லாரியில் போட்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலையணை உறை. தாயம்மாளும் மற்ற மூன்று பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து தைத்துக் கொடுத்தார்கள். மற்ற நாளெல்லாம் ஏற்றுமதி கம்பெனியின் கூலித் தையல்தான் ஓடுகிறது. துணி, தையல், பை, லாரி எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு விரிப்புக்கு முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய் அடங்குகிறது.

போனில் கணக்குப் பேசினால் குழம்புகிறது, எழுதிவிடு என்றாய். எழுதிவிட்டேன். நீ கேட்ட ஆதார், பான் கார்டு, என் பெயரில் வாங்கிய புது சிம் மூன்றும் கட்டுக்குள் இருக்கின்றன. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் தன் பெயரில் வியாபாரம் பண்ணக் கூடாதாமே, அதனால் ஆன்லைன் கடை என் பெயரில் இருக்கட்டும். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஜனக்புரியில் சரக்கு வைக்க நீ பிடித்த அறையில் ஈரம் இல்லையே? வெளிர் நிறத் துணி, பூஞ்சணம் பிடித்தால் போயிற்று.

ஒன்று மட்டும் விவரமாக எழுது. அந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் நம்மிடம் என்னென்ன பிடிப்பான்? உன் மாமா கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு அக்கா,
விஜயா


லோதி ரோடு, டெல்லி
21 ஜூன் 2024

என் அன்பான அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பஸ் பாடி கட்டும் வேலையில் நின்றபடியே இருக்க வேண்டுமே, எண்ணெய் தடவச் சொல்.

அக்கா, நூறும் போய்விட்டது! பத்தே நாள். ‘கரூர் காட்டன்’ என்று போட்டவுடன் இங்குள்ளவர்கள் அள்ளுகிறார்கள். ஒரு பஞ்சாபி அம்மா ஐந்து நட்சத்திரம் போட்டு, துணி வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு விற்றேன்.

பிடித்தம் பற்றிக் கேட்டாய். கமிஷன் உண்டு, அனுப்பும் கூலி உண்டு, அதற்கு வரி உண்டு. விலைக்குத் தக்கபடி, தூரத்துக்குத் தக்கபடி, மாதத்துக்கு மாதம் மாறும். எனக்கே தலை சுற்றுகிறது, நீ அதில் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? எல்லாம் போக உன் அடக்கத்துக்கு மேல் ஒன்றுக்கு அறுபது ரூபாய் உனக்கு நிற்கிறது. நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறு உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். என் பங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது முந்நூறு அனுப்பு. நீலமும் மஞ்சளும் கூடுதலாக இருக்கட்டும்.

தம்பி,
ஜோதி


கரூர்
14 ஜூலை 2024

அன்புள்ள ஜோதிக்கு,

எல்லோரும் சௌக்கியம். மாமா கால்வலிக்கு உன் பெயரைச் சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டார்.

பணம் வந்தது. ஆறாயிரம் ரூபாய், ஜோதி. இருபது வருடமாகத் தைக்கிறேன். கூலி வாங்கியிருக்கிறேன், முன்பணம் வாங்கியிருக்கிறேன். லாபம் என்று ஒன்றை இப்போதுதான் கையில் பார்க்கிறேன். சுஜாதாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டு, ‘அம்மா, இனிமே உன்ற பேருக்கு முன்னால முதலாளின்னு போட்டுக்கோ’ என்றாள். தாயம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கு இருநூறு சேர்த்துக் கொடுத்தேன்.

முந்நூறும் கிளம்பிவிட்டது. ஆனால் ஏற்றுமதி கம்பெனி மேஸ்திரி முகத்தைத் தூக்குகிறார். ‘ரெண்டு பக்கமும் ஓட்டுனீங்கன்னா சரி வராதுங்கம்மா, எங்க தேதி தவறுது’ என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். என்ன செய்வது என்று எழுது.

அப்புறம், திரும்பி வரும் சரக்கு என்று ஒன்று உண்டாமே? எதிர்வீட்டுப் பெண் மூன்று சுடிதார் வாங்கி இரண்டைத் திருப்பி அனுப்பினாள். நம்முடையதும் அப்படி வருகிறதா? வந்தால் அந்தக் கூலி யார் தலையில்?

பிரியாவுக்கு ஆடி வெள்ளிக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை போனில் பேசினால் நன்றாக இருக்கும்.

உன் அன்பு அக்கா,
விஜயா


டெல்லி
4 ஆகஸ்ட் 2024

அன்பு அக்கா,

நலம், நலமே நாடுகிறேன். மழை பெய்து சாலையெல்லாம் குளம். ஜனக்புரி அறைக்கு மெட்ரோவில் போய்விடுகிறேன், கவலைப்படாதே. சரக்கு தரைக்கு மேலே பலகையில்தான் இருக்கிறது.

ஏற்றுமதி கம்பெனியை விட்டுவிடு என்பதுதான் என் யோசனை. பீஸுக்கு ஏழு ரூபாய் கூலி கொடுப்பவனுக்காக, அறுபது ரூபாய் நிற்கும் வேலையை எதற்குத் தள்ளிப்போட வேண்டும்? தீபாவளிக்கு முன் பெரிய தள்ளுபடி விற்பனை வரும். அதற்கு ஆயிரம் விரிப்பாவது கையில் இருக்க வேண்டும். நீ எத்தனை தைத்தாலும் நான் விற்கிறேன். இது உன் தம்பி வாக்கு.

திரும்பி வருவதெல்லாம் சொற்பம்.

சுதந்திர தினத்தை ஒட்டி நாலு நாள் லீவு போட்டுவிட்டு நீ இங்கே வா. டிக்கெட் போடுகிறேன். உன் கடையை நீயே ஒரு தடவை பார்க்க வேண்டாமா? கணக்கைப் புதுப்பிக்க உன் முகத்தையும் ஒருமுறை காட்ட வேண்டியிருக்கிறது, நேரில் இருந்தால் சுலபம்.

பிரியாவுக்கு ஆபீசில் வேலை அதிகம். அதனால்தான் பேசவில்லை.

ஜோதி


கரூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜோதிக்கு,

ரயிலில் சௌகரியமாக வந்து சேர்ந்தேன். நீ வாங்கித் தந்த பேடாவை மாமா ஒரே நாளில் முடித்துவிட்டார்.

ஜனக்புரி அறையில் என் விரிப்புகள் அடுக்கி இருந்ததைப் பார்த்தபோது மேலே இருந்ததை உன் கண்ணில் படாமல் ஒரு தடவை தடவிக்கொடுத்தேன். நீ போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, ‘சிரி அக்கா, கண்ணைச் சிமிட்டு, கடைக்காரம்மா நீதானான்னு பாக்கறான்’ என்றாய். நானும் கல்யாணப் பெண் மாதிரி சிமிட்டினேன். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தோம்.

கம்பெனி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘யோசிச்சுக்கங்கம்மா, வேற ஆளுக்குக் கொடுத்தாத் திருப்பி வாங்க முடியாது’ என்று மட்டும் சொன்னார். தாயம்மாள் இப்போது முழு நாளும் நமக்குத்தான். தீபாவளி விற்பனைக்குத் துணி எடுக்க என் சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டேன்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். கிளம்புகிற அன்று நீ ஆட்டோ கூப்பிடப் போனாய். பிரியா சமையலறை வாசலில் நின்று, ‘உங்களுக்கு எவ்ளோ தேவைன்னு ஒரே தடவையா சொல்லிடுங்க அக்கா, அவரை இப்படிப் பிழியாதீங்க’ என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் நீ வந்துவிட்டாய். வழியெல்லாம் அதே நினைப்பு. நான் என்ன கேட்டேன், யாரைப் பிழிந்தேன்? அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும், வேறு எதையோ சொல்ல வந்தாளோ? நீ கேட்டு எழுது.

உன் அன்பு அக்கா,
விஜயா


டெல்லி
26 அக்டோபர் 2024

அன்பு அக்கா,

பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும். மூச்சுவிட நேரமில்லை. எல்லோரும் நலம்தானே?

தள்ளுபடி விற்பனையில் நாம் தூள் கிளப்பிவிட்டோம்! பன்னிரண்டு நாளில் தொள்ளாயிரம். படுக்கை விரிப்பு என்று தேடினால் இரண்டாவது பக்கத்திலேயே நம் படம் வருகிறது. உனக்குச் சேர வேண்டியதில் பாதியை அனுப்பியிருக்கிறேன், மீதி தீபாவளி கழித்து. கம்பெனி இந்த மாதம் பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கொடுக்கிறான், எல்லோருக்கும் அப்படித்தான்.

தைப்பதை நிறுத்தாதே. பொங்கலுக்கு இன்னொரு விற்பனை வருகிறது. இன்னும் இரண்டு மிஷின் போட முடியுமா பார். பாங்கில் பெண்களுக்குச் சுலபமாகக் கொடுக்கிறார்களாம்.

தாயம்மாளுக்கு என் தீபாவளி வாழ்த்து.

ஜோதி


கரூர்
28 நவம்பர் 2024
பதிவுத் தபால்

ஜோதிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

நீ சொன்னபடி மிஷின் கடனுக்கு பாங்குக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ‘ஏற்கெனவே ஆறு லட்சம் வாங்கியிருக்கீங்களேம்மா’ என்றார். ‘நானுங்களா? இல்லைங்க’ என்றேன். ‘ஆகஸ்ட் மாசம், டெல்லியில. உங்க ஆன்லைன் கடைக்கு. ரெண்டு தவணை கட்டலை. இதை வெச்சுட்டு நாங்க எப்படிங்க கொடுக்கிறது?’ என்று திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர். கணவர் என்று உன் மாமா பெயர். என் முகம், சிரித்துக்கொண்டு.

அங்கிருந்து ஜவஹர் பஜாரில் ஆடிட்டர் ஹரிஷங்கரிடம் போனேன். அவர் சொல்லித்தான் சிம் கடைக்குப் போய், தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கினேன். என் பெயரில் இருக்கும் நம்பர்தானே. போன செவ்வாய்க்கிழமை உன் கையில் இருந்தது செத்துப்போயிருக்கும். கம்பெனிக் கோளாறு என்று நினைத்திருப்பாய். நான்தான்.

அந்த நம்பருக்கு வந்த ஓடிபியைப் போட்டுக் கடையைத் திறந்து பார்த்தோம். நான் ஜூன் மாதம் உன்னிடம் கேட்ட கேள்விக்கு ஹரிஷங்கர் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிட்டார். நீ எழுதாததால் நான் எழுதுகிறேன்.

எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு ஒரு விரிப்புகூட விற்கவில்லை. முதலில் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதில் கையைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு இறக்கி இறக்கி, தீபாவளிக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்பது. அதில் சர்க்கார் வரி இருபத்தாறு. கம்பெனிக் கமிஷன் அறுபத்தாறு. ஒவ்வொரு விற்பனைக்கும் நிலையாகப் பிடிப்பது இருபத்தாறு. அனுப்பும் கூலி எண்பத்தெட்டு. இந்தப் பிடித்தங்களுக்கு வரி முப்பத்திரண்டு. அதில் கொஞ்சம் கணக்கில் திரும்ப வரும் என்றார் ஹரிஷங்கர், வந்தாலும் ஓட்டை அடையாது. நம் படத்தை முன்னால் காட்டுவதற்கு விளம்பரச் செலவு, விரிப்புக்கு நாற்பது. மிச்சம் இருநூற்று எழுபத்தொன்று. என் அடக்கம் முந்நூற்று எண்பத்தைந்து. ஒவ்வொரு விரிப்புக்கும் நூற்றுப் பதினாலு ரூபாயை நாம் டெல்லிக்காரனுக்கு மடித்து வைத்துக் கொடுத்திருக்கிறோம். திரும்பி வந்த சரக்கு வேறு. நீ சொற்பம் என்று எழுதினாய். ஐந்துக்கு ஒன்று வந்திருக்கிறது. போகிற கூலி, வருகிற கூலி இரண்டும் நம் தலையில். பாதிக்கு மேல் அழுக்கு.

நீ என்னைத் திருடிவிட்டாயோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் நீ ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று தெரிந்தபோது அது அதைவிடக் கொடுமையாக இருந்தது. என் பெயரில் கடன் வாங்கி, அதை எனக்கே லாபம் என்று அனுப்பியிருக்கிறாய். அந்தப் பணத்தை நான் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன், ஜோதி. ஆளுக்கு இரண்டாயிரம் தீபாவளிக்குக் கொடுத்தேன். என் சம்பாத்தியம் என்று நினைத்துக் கொடுத்தேன்.

கம்பெனி வேலையை விடு என்றாய். விட்டேன். விற்கிற ஒவ்வொன்றிலும் நஷ்டம் என்று தெரிந்துகொண்டே இன்னும் தை, இன்னும் தை என்றாய்.

ஏன்?

விஜயலக்ஷ்மி


டெல்லி
10 டிசம்பர் 2024

விஜயா அக்காவுக்கு,

நமஸ்தே. நான் பிரியதர்ஷினி. இங்கயே பொறந்து வளர்ந்ததால எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. எங்க குவார்ட்டர்ஸ்ல கீழ் வீட்டு ருக்மிணி ஆன்ட்டி நான் சொல்லச் சொல்ல எழுதறாங்க.

உங்க ரெஜிஸ்டர் தபால் வந்தப்போ அவர் ஆபீஸ்ல இருந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எப்பவும் உங்க லெட்டர் ஜனக்புரி அட்ரஸுக்குத்தான் போகும், இது வீட்டுக்கு வந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். மனசு கேக்கல. ஆன்ட்டிகிட்ட கொண்டு போனேன். அவங்க பாதியில நிறுத்திட்டு, ‘பேட்டீ, மகளே, இதை நீ கேக்கத்தான் வேணுமா?’ன்னாங்க. ஹாங் ஆன்ட்டி, முழுக்கப் படிங்கன்னேன்.

அக்கா, என்கிட்ட அவர் சொன்னது வேற. ஊர்ல அப்பா வீட்டுல உங்களுக்குப் பங்கு வேணும்னு நீங்க சண்டை போடறீங்க, சுஜாதா கல்யாணத்துக்குப் பணம் கேக்கறீங்க, மாசா மாசம் அனுப்பலைன்னா ஆபீசுக்கு எழுதிடுவேன்னு மிரட்டறீங்கன்னு சொன்னார். ஜூலையில என் அம்மா போட்ட செயினைக் கழட்டிக் கொடுத்தேன். ஜனக்புரி ரூம் ஃபிரெண்டோடதுன்னார். சரக்கை நான் பார்த்ததே இல்ல.

நீங்க வந்து நாலு நாள் இருந்தீங்க. எனக்குப் புடவை கொண்டு வந்தீங்க. நான் அதைத் தொடல. நீங்க பாத்திரம் தேய்க்க வந்தப்போ கையில இருந்து பிடுங்கினேன். உங்களைப் பத்தி எங்க அம்மாகிட்ட என்னென்னவோ பேசியிருக்கேன். இப்போ ஆன்ட்டி முன்னாடி உக்காந்து இதைச் சொல்ல வெட்கமா இருக்கு.

நேத்து அவரைக் கேட்டேன். ‘ரெண்டு பேருக்கும் கஷ்டம் தெரியக் கூடாதுன்னுதான்’னார். அச்சா, அதுக்காக ரெண்டு பேரையும் எதிரியாக்கிட்டீங்களான்னு கேட்டேன்.

மாமா கால்வலி தேவலையா? சுஜாதாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

பிரியா


டெல்லி
19 டிசம்பர் 2024

அன்பு அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

ஏன் என்று கேட்டாய். இந்த வியாபாரம் அப்படித்தான், அக்கா. ஆரம்பத்தில் எல்லோரும் நஷ்டத்தில்தான் விற்பார்கள். விற்பனை ஏற ஏற நம் படம் மேலே வரும். முதல் பக்கத்துக்கு வந்துவிட்டால் விலையை ஏற்றிவிடலாம், ஆறே மாதத்தில் போட்டதை எடுத்துவிடலாம். இரண்டாவது பக்கம் வரை வந்துவிட்டோம். நஷ்டம் என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். உனக்கு அந்த மனசு கிடையாது, கூலி வாங்கிப் பழகிய கை. அதனால் கொஞ்ச நாள் மறைத்தேன். உன்னை ஏமாற்ற நினைத்திருந்தால் பணம் அனுப்பியிருப்பேனா? நீயே சொல்.

நீ தைத்துத்தான் நான் காலேஜ் படித்தேன். லாபம் வந்தது என்று நீ எழுதிய கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் தெரியுமா? அதற்குப் பிறகு உண்மையை எழுதக் கை வரவில்லை.

பிரியா பேசுவதில்லை. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆபீசுக்கோ போலீசுக்கோ எழுதிவிடாதே. வேலை போய்விடும். மார்ச் வரை பொறு, விற்பனை முடிந்ததும் கடனை அடைத்துவிடுகிறேன். சிம்மைத் திரும்பக் கொடுத்தால் பொங்கல் விற்பனையில் பெயர் சேர்த்துவிடலாம். கடைசித் தேதி ஜனவரி மூன்று.

ஜோதி


கரூர்
30 டிசம்பர் 2024

ஜோதிக்கு,

சிம் கிடையாது. பொங்கல் விற்பனையும் கிடையாது. ஜனக்புரி அறையில் இருப்பதைக் கட்டி லாரியில் போடு, அழுக்கானதையும் சேர்த்து.

உனக்குச் சர்க்கார் சம்பளம் இருக்கிறது. சம்பளத்தின் பேரில் பாங்கில் உன் பெயரில் கடன் வாங்கு. அதை வைத்து என் பெயரில் உள்ளதை மார்ச்சுக்குள் முடி. இதை நீ ஆகஸ்ட் மாதமே செய்திருக்கலாம். உன் பெயரில் வாங்கினால் பிரியாவுக்குத் தெரிந்துவிடும், என் பெயரில் வாங்கினால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தக் கணக்கு மட்டும் உனக்குச் சரியாக வந்திருக்கிறது.

ஏற்றுமதி கம்பெனியில் மறுபடி கேட்டேன். மேஸ்திரி உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை தருகிறேன் என்றார். நாலு பேரில் இரண்டு பேரை நிறுத்திவிட்டேன். தாயம்மாள் தானாகவே, ‘சின்னவங்களை வெச்சுக்கங்கக்கா, நான் எங்கயாச்சும் பார்த்துக்கறேன்’ என்றாள். நான் விடவில்லை.

விஜயலக்ஷ்மி


டெல்லி
22 மார்ச் 2025

என் அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுஜாதாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடுவில் மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. தபால்காரன் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறேன்.

நல்ல செய்தி. சம்பளக் கடன் கிடைத்து, உன் பெயரில் இருந்தது முழுவதும் அடைந்துவிட்டது. பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இத்துடன். எனக்கு ஐந்து வருடம் சம்பளத்தில் பிடிப்பார்கள், பரவாயில்லை. பிரியாவும் திரும்பி வந்துவிட்டாள். இன்னும் சரியாகப் பேசவில்லை, பேசுவாள்.

ஆக யாருக்கும் நஷ்டம் இல்லை, அக்கா. கெட்ட கனவு என்று மறந்துவிடலாம்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காமல் படி. இந்த முறை கமிஷன், கூலி, வரி, விளம்பரம், திரும்பி வருவது எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய விரிப்பில்தான் கூலி தின்கிறது. தலையணை உறை மட்டும் நாலு நாலாக விற்றால் எடை குறைவு, திரும்பி வருவதும் குறைவு. செட்டுக்கு எண்பது ரூபாய் நிச்சயம். அந்த சிம்மை மட்டும் அனுப்பி வை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் இருவருக்கும் இடையில் இனி ஒளிவுமறைவு கிடையாது.

சித்திரையில் ஊருக்கு வரலாமா?

உன் தம்பி,
ஜோதி


கரூர்
13 ஏப்ரல் 2025

ஜோதிலிங்கத்துக்கு,

சான்றிதழ் கிடைத்தது. ஹரிஷங்கரிடம் காட்டினேன், சரியாக இருக்கிறது என்றார்.

நீ போட்ட மூன்று கடிதமும் வந்தன. தபால்காரரைக் குறை சொல்லாதே.

யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜனவரியில் வசூல்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது. சுஜாதாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த குளித்தலைக்காரர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. உன் மாமா அன்று சட்டையை மாட்டிக்கொண்டு, ‘கிளம்பு, எழுதிக் கொடுத்துட்டு வரலாம்’ என்றார். ஸ்டேஷனுக்குப் போனோம். ஒரு பெண் போலீஸ் நல்லபடியாகத்தான் பேசினாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தவள், ‘இதைச் செஞ்சவரு உங்களுக்கு என்ன வேணுங்கம்மா?’ என்று கேட்டாள்.

உன் மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அது உன்னை மன்னித்ததால் அல்ல. உன்னைத் தம்பி என்று சொல்லிப் புகார் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தால் உன் வேலை பிழைத்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் எதையும் தேடாதே.

சித்திரையில் வரவேண்டாம். பிரியா வருவதாக இருந்தால் அவளுக்கு வழி தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேசுகிறாள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு படம் அனுப்பியிருந்தாள்.

கடையை கரூர் முகவரிக்கு மாற்றிக்கொண்டேன். சிம் என்னிடம்தான் இருக்கும். எழுநூற்று நாற்பத்தொன்பது என்று விலை வைத்தேன். விளம்பரம் கிடையாது. எங்கள் படம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. எல்லாப் பிடித்தமும் போக, திரும்பி வருவதற்கும் ஒதுக்கி வைத்த பிறகு, ஒன்றுக்கு நாற்பத்தோரு ரூபாய் நிற்கிறது. போன மாதம் பதினொன்று விற்றது.

நானூற்று ஐம்பத்தோரு ரூபாயை மேஜைமேல் வைத்தேன். தாயம்மாள் அதைத் தொடவில்லை. ‘ஏனுங்க்கா, இது நெசமான லாபந்தானுங்களா?’ என்று கேட்டாள்.

நெசம்தான் என்றேன். அவள் நம்புவதற்கு நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

விஜயலக்ஷ்மி